பங்கும் நம்பிக்கையும்: தனி முதலீட்டாளரின் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நெல்லை வாங்குபவர் அதனைக் கையில் அள்ளிப் பார்க்கின்றார். மாட்டை வாங்குபவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றார். காணியை வாங்குபவர் உறுதியை வாசித்து, எல்லையைச் சுற்றி நடந்து பார்க்கின்றார். கம்பனிப் பங்கொன்றை வாங்குபவருக்கு இவற்றுள் எதுவும் இயலுவதில்லை. தம் கண்ணிற்படாத தூரத்தில், தாம் அறியாத மனிதரால் நடத்தப்படும் தொழிலொன்றின் வருங்கால இலாபத்தில் ஒரு சிறு கூறினையே அவர் வாங்குகின்றார். ஆதலால் அவரது தெரிவு எக்காலத்திலும் பிறர் கூறும் செய்தியிலேயே தங்கியுள்ளது. அச்செய்தியைக் கூறுபவர் யார்? அதனைச் சரிபார்க்கும் வழி யாது? அதற்குக் கேட்கப்படும் விலை தகுமா? இம்மூன்று வினாக்களுக்கும் வெவ்வேறு காலங்களில் தனி முதலீட்டாளர் கண்ட விடைகளை ஒல்லாந்து, இங்கிலாந்து, இலங்கை, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் வரலாற்றிலிருந்து எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரை நம்பிய காலம்

1602ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி ஒல்லாந்தக் குடியரசு வழங்கிய பட்டயத்தின் மூலம் ஒன்றிணைந்த கிழக்கிந்தியக் கம்பனி தோற்றம் பெற்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாத இறுதிவரை எவரும் தாம் விரும்பிய தொகையைக் கொடுத்துப் பங்குதாரராகலாம் என அறிவிக்கப்பட்டது. ஆறு நகரங்களிலும் சேர்ந்த மூலதனம் ஏறக்குறைய 64 இலட்சம் கில்டராகும். அம்ஸ்டர்டாமில் மாத்திரம் 1,143 பேர் தம் பெயரைப் பதிவு செய்தனர். பணிப்பாளருள் ஒருவரான டிர்க் வான் ஓஸ் என்பாரின் இல்லத்திலேயே பதிவேடு திறந்து வைக்கப்பட்டிருந்தது. பெருவணிகர் பல்லாயிரம் கில்டரை எழுதிய அதே ஏட்டின் இறுதியில், அவ்வீட்டின் பணிப்பெண்ணும் 100 கில்டருக்குத் தன் பெயரைப் பதிந்துள்ளாள்.

இவர்கள் எதனை ஆராய்ந்து இம்முடிவுக்கு வந்தனர்? ஆராய்வதற்கு ஐந்தொகை ஏதும் இருக்கவில்லை. முன்னர் கீழைத்தேயம் சென்று மீண்ட கப்பல்கள் கொணர்ந்த மிளகின் இலாபத்தை அவர்கள் அறிந்திருந்தனர். பணிப்பாளராக அமர்ந்த வணிகரின் பெயரையும் அறிந்திருந்தனர். ஆகவே முதலாவது தெரிவு முறை பெயரை நம்புவதாகவே அமைந்தது எனலாம். பணிப்பெண்ணுக்கோ அந்தப் பெயர் தன் எசமானின் பெயராகவே இருந்தது.

இந்நம்பிக்கை விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. பத்தாண்டு முடிவில் கணக்குக் காட்டப்படும் என்றும், விரும்பியோர் தம் பணத்தை மீளப் பெறலாம் என்றும் பட்டயம் கூறியிருந்தது. 1612இல் அக்கணக்குக் காட்டப்படவில்லை, பணமும் மீளளிக்கப்படவில்லை. 1610இல் வழங்கப்பட்ட முதற் பங்கிலாபமோ காசாக அன்றிச் சாதிபத்திரியாகவே வந்தது. கம்பனியிலிருந்து விலக விரும்பியவருக்கு எஞ்சிய வழி ஒன்றே: தம் பங்கை வேறொருவருக்கு விற்பது. உலகின் முதலாவது ஒழுங்கான பங்குச் சந்தை இவ்வாறு கணக்குக் காட்டாமையின் விளைவாகவே வேரூன்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது. கம்பனியின் தொடக்ககாலப் பெரும் பங்குதாரரும், பின்னர் பணிப்பாளருடன் முரண்பட்டவருமான ஐசாக் லெ மேயர் என்பார் 1609இல் ஒரு குழுவினரோடு சேர்ந்து, தம்மிடம் இல்லாத பங்குகளையும் பின்னொரு திகதியில் ஒப்படைப்பதாக விற்று, விலை வீழ்ச்சியில் இலாபந் தேட முயன்றார். அரசு 1610இல் அத்தகைய விற்பனையைத் தடை செய்தது. 1622இல் அதிருப்தியுற்ற பங்குதாரர் துண்டுப்பிரசுரங்கள் வெளியிட்டுக் கணக்கைக் கோரினர். 1623இல் பட்டயம் புதுப்பிக்கப்பட்டபோது, பெரும் பங்குதாரரின் பிரதிநிதிகள் கணக்கை மேற்பார்வை செய்யும் உரிமையைப் பெற்றனர். சிறு பங்குதாரருக்கு அவ்வுரிமை கிட்டவில்லை.

கணக்கைக் காண இயலாதோர் செய்தியைத் தேடினர். 1688இல் யோசேப் டி லா வேகா என்னும் அம்ஸ்டர்டாம் யூதர் ‘குழப்பங்களின் குழப்பம்’ என்ற நூலை ஸ்பானிய மொழியில் எழுதினார். தத்துவவாதி, வணிகர், பங்குதாரர் ஆகிய மூவரின் உரையாடலாக அமைந்த இந்நூல் பங்குச் சந்தை பற்றிய முதல் நூலாகக் கொள்ளப்படுகின்றது. கீழைத்தேயத்தின் நிலைமை, ஐரோப்பிய அரசியல், சந்தையில் நிலவும் அபிப்பிராயம் ஆகிய மூன்றுமே விலையை அசைப்பன என அந்நூல் கூறுகின்றது. இவற்றுள் முதலாவதில் இலங்கையும் அடங்கியிருந்தது. 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய கம்பனி, கறுவா வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. கப்பலில் எத்தனை பொதி கறுவா வந்துள்ளது என்பதை அம்ஸ்டர்டாமின் முதலீட்டாளர் அறிந்திருந்தார். அக்கறுவாவை உரிக்கும் கட்டாய சேவைக்குட்பட்ட சாலாகம குலத்தவரையோ, யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்ற பெயரில் உழைப்பைக் கொடுத்தோரையோ அவர் அறிந்திருக்க நியாயமில்லை. சரக்குப் பட்டியலில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

ஊரோடு ஒத்தோடிய காலம்

வேகா மூன்றாவதாகக் குறிப்பிட்ட சந்தை அபிப்பிராயம் ஏனைய இரண்டையும் விழுங்கிவிடக்கூடியது என்பதை 1720ஆம் ஆண்டின் இலண்டன் நிகழ்ச்சிகள் காட்டின. 1711இல் தோன்றிய தென்கடற் கம்பனி ஆங்கில அரசின் கடனைத் தன் பங்குகளாக மாற்றும் திட்டமொன்றை முன்வைத்தது. ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டு சென்று விற்கும் உரிமையும் அதனிடம் இருந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் 130 பவுணை அண்டியிருந்த பங்கின் விலை கோடைகாலத்தில் 1,000 பவுணை எட்டும் அளவுக்கு ஏறியது. செப்டெம்பர் இறுதியில் அது 200 பவுணுக்குக் கீழே இறங்கியிருந்தது.

இந்நிகழ்ச்சியில் இருவரின் தெரிவு ஒப்புநோக்கத்தக்கது. ஐசாக் நியூற்றன் அக்கம்பனியின் பங்குகளை முன்னரே வைத்திருந்தார். இளவேனிலில் அவற்றை விற்று நல்ல இலாபம் பெற்றார். ஆயினும் விலை மேலும் ஏறுவதையும் பிறர் செல்வராவதையும் கண்டபின், உச்ச விலையை அண்டிய வேளையில் மீண்டும் வாங்கிப் பெருநட்டமடைந்தார். மற்றவர் தோமஸ் கை என்னும் புத்தக வியாபாரி. அவரும் அதே காலப்பகுதியில் தம் பங்குகளை விற்றார். ஆனால் மீண்டும் வாங்கவில்லை. அப்பணத்திலிருந்தே இலண்டனில் அவர் பெயரால் இன்றும் விளங்கும் மருத்துவமனை எழுந்தது. இருவரும் ஒரே பங்கை வைத்திருந்தனர். இருவருக்கும் கிடைத்த செய்தியும் பெரிதும் வேறுபட்டதன்று. ஊர் ஓடும்போது ஒத்தோடாதிருக்கும் மனவுறுதியே அவர்களை வேறுபடுத்தியது. ஈர்ப்பு விதியைக் கண்டறிந்தவருக்கும் அவ்வுறுதி வாய்க்கவில்லை என்பது, முதலீட்டுத் தெரிவில் அறிவு மாத்திரம் போதுமானதன்று என்பதை உணர்த்தும்.

பத்திரிகையை வாசித்த சகோதரி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகையிரதக் கம்பனிகளின் தோற்றத்தோடு முதலீடு நடுத்தர வகுப்பினரின் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. 1830இல் திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் புகையிரதப் பாதை நல்ல பங்கிலாபத்தை வழங்கியமை ஏனைய கம்பனிகளுக்கும் நற்சான்றாயிற்று. பங்கின் முகப்பெறுமதியில் ஒரு சிறு பகுதியையே முதலிற் செலுத்தவேண்டியிருந்தது. எஞ்சியதைக் கம்பனி அழைக்கும்போது கட்டினாற் போதும். கையிலுள்ள பணத்துக்கு மிஞ்சிப் பங்குகளை எழுதிக்கொள்ள இம்முறை இடமளித்தது. 1846இல் மாத்திரம் 270க்கு மேற்பட்ட புகையிரதச் சட்டங்கள் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறின. அனுமதி பெற்ற பாதைகளுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அமைக்கப்படவேயில்லை.

இலக்கிய மாணவருக்கு நன்கு அறிமுகமான புரொன்டி சகோதரியர் இக்காலத்துச் சிறு முதலீட்டாளருக்குச் சிறந்த எடுத்துக்காட்டாவர். 1842இல் காலமான தம் பெரியதாயார் எலிசபெத் பிரான்வெல் விட்டுச் சென்ற சிறுதொகையை அவர்கள் யோர்க்–வட மிட்லண்ட் புகையிரதக் கம்பனியின் பங்குகளில் இட்டனர். சார்லொட் 1846 ஜனவரியில் எழுதிய கடிதமொன்று அக்குடும்பத்தில் தெரிவு நிகழ்ந்த விதத்தைக் காட்டுகின்றது. அவர் பிரசெல்சில் இருந்த காலத்தில் எமிலியே சகோதரியரின் பணத்தை நிர்வகித்துள்ளார். பத்திரிகைகளில் புகையிரதம் பற்றி வந்த ஒவ்வொரு பந்தியையும், ஒவ்வொரு விளம்பரத்தையும் கவனமாக வாசித்து எமிலி அத்துறையில் தேர்ச்சி பெற்றிருந்தார். பங்குகளை விற்றுவிடுவதே நன்று எனச் சார்லொட் கருதினார். எனினும் எமிலியின் மனத்தைப் புண்படுத்த விரும்பாமல் அதனை வற்புறுத்தாது விட்டார்.

எமிலியின் முறை முந்திய நூற்றாண்டினரின் முறையிலும் மேம்பட்டதென்பதில் ஐயமில்லை. அவர் வதந்தியைக் கேட்கவில்லை. அச்சில் வந்ததை வாசித்தார். ஆனால் அச்சில் வந்தது உண்மையா என்பதை அறியும் வழி அவரிடம் இருக்கவில்லை. அக்கம்பனியின் தலைவர் ‘புகையிரத மன்னர்’ எனப் புகழப்பெற்ற ஜோர்ஜ் ஹட்சன் ஆவார். மூலதனத்திலிருந்தே பங்கிலாபம் வழங்கிய அவரது கணக்கு முறைகள் 1849இல் அம்பலமாயின. 50 பவுணுக்கு வெளியிடப்பட்டு ஒரு காலத்தில் 120 பவுண் வரை ஏறிய பங்கு, அவ்வாண்டு பிற்பகுதியில் 20 பவுணுக்கு இறங்கிவிட்டதாகச் சார்லொட் தம் பதிப்பாளருக்கு எழுதினார். எமிலி அதற்கு முன்னரே, 1848 டிசெம்பரில், மறைந்துவிட்டார்.

இத்தகைய வீழ்ச்சிகள் சட்டத்தையும் அசைத்தன. 1868இல் புகையிரதக் கம்பனிகள் ஒரே மாதிரியான கணக்கைக் காட்டவேண்டுமென விதிக்கப்பட்டது. ஏனைய கம்பனிகளின் நிலை வேறு. 1855, 1856ஆம் ஆண்டுச் சட்டங்கள் பங்குதாரரின் பொறுப்பை அவர் இட்ட பணத்தோடு வரையறுத்தன. ஆனால் கணக்காய்வு பிரித்தானியாவில் பொதுவாகக் கட்டாயமானது 1900இலேயே. இலாப நட்டக் கணக்கைப் பங்குதாரர் முன்வைக்கும் கடமை 1929ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே வந்தது. முதலீட்டாளரைச் சந்தைக்கு அழைத்த சட்டம், அவர் கையில் விளக்கைக் கொடுக்க முக்கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது எனலாம்.

தோட்டக் கம்பனிகளும் கரை முற்பணமும்

இலங்கையில் பங்கு வணிகம் பெருந்தோட்டத்தின் குழந்தையாகும். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலைத் தோட்டங்கள் தனித் துரைமாரின் கையிலிருந்து கம்பனிகளின் கைக்கு மாறலாயின. இவற்றின் பங்குகளை வாங்கி விற்கும் பொருட்டு 1896இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. அடுத்து வந்த இறப்பர், 1910இல் இலண்டனிலும் கொழும்பிலும் பெரும் பங்கு வேட்கையை மூட்டியது.

தோட்டக் கம்பனியின் பங்கை வாங்க எண்ணியவர் அதன் விபரணப் பத்திரத்தில் சில விபரங்களைத் தேடினார். நடப்பட்ட ஏக்கர் எவ்வளவு? மரத்தின் வயது என்ன? ஏக்கருக்கு எதிர்பார்க்கும் விளைச்சல் எத்தனை இறாத்தல்? ஓர் இறாத்தலின் உற்பத்திச் செலவு யாது? முகாமை செய்யும் ஏசென்சிக் கம்பனி எது? இறப்பர் மரம் பால் தருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகுமாதலால், இளமரங்களைக் கொண்ட கம்பனியின் பங்கை வாங்கியவர் வருங்கால விலையொன்றையே வாங்கினார். 1910இன் உச்ச விலையை நிலையான விலையெனக் கொண்டு கணக்கிட்டோர் விலை வீழ்ந்தபோது இழப்புற்றனர். எண்கள் சரியாக இருந்தும் முடிவு பிழைக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் அவ்வெண்களிடையே ஒன்று தனியாக நோக்கற்பாலது. தமிழகத்திலிருந்து தொழிலாளரைக் கொணர்வதற்குக் கங்காணிமார் மூலம் கொடுக்கப்பட்ட தொகை ‘கரை முற்பணம்’ எனப்பட்டது. பயணச் செலவும் பிறவும் தொழிலாளியின் தலைமேல் கடனாக எழுதப்பட்டன. அக்கடன் தீரும்வரை அவர் தோட்டத்தை விட்டு நீங்க இயலாது. நீங்குவதாயின், கடனைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவார் என எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைப் பொறுப்பேற்கவேண்டும். தோட்டக் கம்பனிகளின் ஐந்தொகையில் இம்முற்பணம் சொத்துப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. தேயிலைச் செடி, கட்டிடம், இயந்திரம் ஆகியவற்றோடு தொழிலாளியின் கடனும் கம்பனியின் செல்வமாகக் கணக்கிடப்பட்டது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அம்ஸ்டர்டாமின் சரக்குப் பட்டியலில் இடம்பெறாத உழைப்பாளர் இங்கே கணக்கேட்டில் இடம்பெற்றனர். ஆனால் தம் பெயரால் அன்று, தம் கடனால்.

1972இன் நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்கு 1975இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஏக்கரையும் விளைச்சலையும் நுணுகிக் கணித்த முதலீட்டாளரின் கணக்கில் இந்நிகழ்வுக்கு ஒரு நிரல் இருந்ததில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் அவற்றின் பங்குகளும் கொழும்புச் சந்தைக்கு வந்தன.

கணக்கேட்டைத் தேடிச் சென்றவர்

தெரிவைக் கணக்கேட்டின்மேல் நிறுத்தும் முறைக்கு முழுவடிவம் கொடுத்தவர் பென்ஜமின் கிறஹாம் ஆவார். 1894இல் இலண்டனிற் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்த இவரது முறையை ஒரு நிகழ்ச்சியே தெளிவாக விளக்கும். 1911இல் நீதிமன்றக் கட்டளையால் உடைக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் ஒயில் நிறுவனத்தின் கூறுகளுள் ஒன்று நோர்தேர்ன் பைப்லைன் கம்பனி. எண்ணெய்க் குழாய்க் கம்பனிகள் தம் கணக்கை வோஷிங்டனிலுள்ள வணிக ஆணைக்குழுவுக்கு அனுப்பவேண்டியிருந்தன. பொதுமக்கள் பார்வைக்குரியவாயினும் எவரும் தேடிப் பாராத அவ்வேடுகளை 1926இல் கிறஹாம் நேரிற் சென்று வாசித்தார். சந்தையில் 65 டொலருக்கு விலைபோன பங்கொன்றின் பின்னால், புகையிரத முறிகள் முதலிய உறுதியான முதலீடுகள் ஏறக்குறைய 95 டொலருக்கு இருப்பதைக் கண்டார்.

அவர் பங்குகளை வாங்கி, தேவைக்கு மிஞ்சிய பணத்தைப் பங்குதாரருக்குப் பகிர்ந்தளிக்குமாறு கோரினார். முகாமையாளர் மறுத்தனர். 1927இல் பென்சில்வேனிய மாநிலத்தின் ஒயில் சிற்றியில் நடந்த பொதுக்கூட்டத்தில் அவரது பிரேரணையை வழிமொழிய ஒருவருமின்மையால் அவருக்குப் பேசும் வாய்ப்பும் கிட்டவில்லை. ஏனைய பங்குதாரரின் ஆதரவைத் திரட்டிக்கொண்டு மறுவருடம் சென்றவர், ஐந்து பணிப்பாளர் இடங்களுள் இரண்டைப் பெற்றார். ஈற்றில் பங்கொன்றுக்கு 70 டொலர் பகிர்ந்தளிக்கப்பட்டது. அம்ஸ்டர்டாமின் பங்குதாரர் 1622இல் எழுப்பிய கோரிக்கை, முந்நூறு ஆண்டுகளின்பின் ஒருவரது விடாமுயற்சியால் ஓரிடத்தில் நிறைவேறியது.

ஆயினும் கிறஹாமும் காலத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். 1929 செப்டெம்பரில் 381 புள்ளியில் நின்ற டௌ ஜோன்ஸ் சுட்டெண் 1932 ஜூலையில் 41க்கு வீழ்ந்தபோது, கடன்பட்டும் முதலிட்டிருந்த அவரது நிதியும் பெரும்பகுதியை இழந்தது. அவ்விழப்பிற்குப் பின்னரே, 1934இல், டேவிட் டொட் என்பாருடன் இணைந்து ‘பிணையங்களின் பகுப்பாய்வு’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். 1949இல் பொது வாசகருக்கான நூலொன்றையும் எழுதினார். அவரது கோட்பாட்டின் உயிர்நாடி பாதுகாப்பு இடைவெளி என்பதாகும். ஒரு பங்கின் பெறுமதியை எவராலும் திட்டமாகக் கூற இயலாது. ஆகையால் தம் கணிப்பு ஓரளவு பிழைத்தாலும் தாங்கக்கூடிய வகையில், கணித்த பெறுமதிக்கு மிகக் கீழான விலைக்கே வாங்கவேண்டும். கணக்கை நம்பும் முறையாகத் தோன்றும் இதன் அடியில், தன் கணிப்பையே முற்றாக நம்பாத அடக்கம் உள்ளது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் கெயின்ஸ் 1936இல் வெளியிட்ட தமது பொதுக் கோட்பாட்டு நூலில் சந்தையை ஒரு பத்திரிகைப் போட்டிக்கு ஒப்பிட்டார். நூறு முகங்களுள் அழகான ஆறைத் தெரிவு செய்யும் அப்போட்டியில், ஏனையோர் எதனைத் தெரிவர் என்று ஊகிப்பவரே வெல்வார். ஆனால் கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் நிதியை நிர்வகித்த அதே கெயின்ஸ், 1930களில் சந்தையின் போக்கை ஊகிக்கும் முறையைக் கைவிட்டு, தாம் அறிந்த சில கம்பனிகளின் பங்குகளை நீண்டகாலம் வைத்திருக்கும் முறைக்கு மாறினார். சந்தையின் இயல்பை நன்குணர்ந்தவரே அப்போட்டியில் கலந்துகொள்ள மறுத்தமை கருதத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துத் தெரிவு முறையின் வளர்ச்சி ஓரளவு புலனாகும். 1602இன் பணிப்பெண் பெயரை நம்பினாள். 1720இன் அறிஞர் கூட்டத்தைப் பின்தொடர்ந்தார். 1846இன் நாவலாசிரியை பத்திரிகையை வாசித்தார். 1926இன் ஆய்வாளர் மூலக் கணக்கையே தேடிச் சென்றார். ஒவ்வொரு படியும் முதலீட்டாளருக்கு முன்னிருந்த திரையொன்றை விலக்கியது. அத்திரை தானாக விலகியதில்லை. பணத்தை இழந்தோரின் கூக்குரலாலும், சட்டத்தின் வற்புறுத்தலாலுமே விலகியது. இன்று கம்பனிகளின் ஆண்டறிக்கையை எவரும் பெற்று வாசிக்க இயலுமாயின், அது இழந்தவர்கள் ஈட்டித் தந்த உரிமையாகும். பெற்றும் வாசியாதிருப்பவர் தம்மையறியாமலே 1602இற்குத் திரும்பிச் செல்கின்றார்.

இவ்வரலாறு இன்னுமொன்றையும் உணர்த்துகின்றது. கணக்கேடு எதனைக் காட்டுமாறு கேட்கப்பட்டதோ அதனையே காட்டியது. கறுவா உரித்தவரின் கட்டாய உழைப்பை எவரும் கேட்கவில்லை, அது தெரியவரவில்லை. தோட்டத் தொழிலாளியின் கடன் சொத்தாக எழுதப்பட்டதை எவரும் வினவவில்லை; அது சொத்தாகவே நின்றது. எந்தப் பங்கை வாங்குவது என்னும் வினா தனிமனிதரின் பண விடயம் போலத் தோன்றினும், அதற்கு விடை தேடுபவர் ஐந்தொகையின் ஒவ்வொரு வரியின் பின்னும் யார் இருக்கின்றார் என்று கேட்கவும் கடமைப்பட்டவர். கணக்கை வாசிக்கும் கல்வி அவ்வினாவையும் உள்ளடக்கும்போதே நிறைவுறும்.